பக்கவாதத்துக்குப் பின் பார்வையில் எது குறைந்தது? வீட்டில் கண்டறிவதும் வீட்டை மாற்றுவதும்

வாழையிலையின் இடப்பக்கம் வைத்த உப்பும் ஊறுகாயும் கூட்டும் அப்படியே கிடக்கும். வலப்பக்கம் மட்டும் சுத்தமாகச் சாப்பிட்டிருப்பார். கேட்டால் “நீங்க வைக்கவே இல்லையே” என்பார். வீட்டுக்குள் நடக்கும்போது ஒரே பக்கத் தோள் நிலைக்கதவில் இடிக்கும். கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போவார்கள், புதுக் கண்ணாடி வரும், ஒன்றும் மாறாது. கண்புரை என்று சொல்லி அறுவை செய்துகொண்ட பிறகும் மாறாதவர்கள் உண்டு. கெட்டது கண் இல்லை. கண் அனுப்புவதை வாங்கிப் படமாக்கும் மூளைப்பகுதி.

பக்கவாதம் வந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு இந்த வழிகாட்டி. கை கால் பயிற்சிக்கு எல்லோரும் அக்கறை காட்டுகிறோம். பார்வையை யாரும் கேட்பதில்லை. நன்றாக நடக்கத் தொடங்கியவர் மறுபடி விழுந்து இடுப்பெலும்பு முறிய இந்தக் கவனக்குறைவும் ஒரு காரணம். எந்த வகைக் குறை என்று தெரியாமல் செய்கிற உதவி பல சமயம் எதிர்வேலை செய்யும். அதனால் முதலில் கண்டறிய வேண்டும், பிறகுதான் மற்றது.

அதற்கும் முன்: திடீரென்று வந்தால்

ஒரு பக்கம் தெரியாமல் போவது, எல்லாம் இரண்டாகத் தெரிவது, ஒரு கண்ணில் திரை இறங்கியதுபோல் இருட்டுவது இவை திடீரென்று வந்தால் அதுவே பக்கவாதமாக இருக்கலாம். வாய் கோணவில்லை, கை தூக்குகிறார், பேச்சும் தெளிவு என்று இருந்துவிடக் கூடாது. மூளையின் பின்பகுதிக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தால் கை கால் நன்றாகவே இருக்கலாம். சிலருக்குப் பார்வைக் குறையும் தலைசுற்றலும் மட்டும்தான் அடையாளம். வீட்டார் ஏமாறுவது இங்கேதான்.

108-ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். நம் காவிரி டெல்டாவில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. குழாய் வழியாகப் போய்க் கட்டியை வெளியே எடுக்கும் சிகிச்சை, தகுந்த சிலருக்கு 24 மணி நேரம் வரை செய்யப்படுகிறது. அது எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆகவே “கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்” என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். தூங்கி எழுந்தபோதே குறை தெரிந்திருந்தால், படுக்கப்போன நேரம்தான் கணக்கு.

ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள்: அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும், கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கேடு செய்யும். காப்பி, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. விழுங்கும் திறன் குறைந்திருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். வீட்டில் இருக்கும் பிரஷர் மாத்திரையை நீங்களாகக் கூடுதலாகக் கொடுக்கவும் வேண்டாம்.

ஒரு கண்ணில் மட்டும் சில நிமிடம் இருட்டி மறுபடி தெளிந்தால் “சரியாயிடுச்சே” என்று விடாதீர்கள். கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பதன் முன்னறிவிப்பாக அது இருக்கலாம். அன்றைக்கே பார்க்க வேண்டியது.

பார்வை போகும் வழி

இடது கண் பார்ப்பதை வலது மூளை வாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நேரே ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதற்கு இடப்புறம் இருக்கும் உலகம் முழுவதும், இரண்டு கண்ணிலிருந்தும், வலது மூளைக்குப் போகிறது. வலப்புற உலகம் இடது மூளைக்கு. அதனால் வலது மூளையில் அடி விழுந்தால் இரண்டு கண்ணிலும் இடது பாதி போகும். நோயாளி மட்டும் “இடது கண் தெரியல” என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை; அவருக்கு அப்படித்தான் தோன்றும்.

கண்ணிலிருந்து கிளம்பும் நரம்புகள் மூளையின் அடியில் கலந்து, பிரிந்து, பின்னந்தலையில் இருக்கும் பிடரிமடலுக்குப் போய்ச் சேர்கின்றன. ஆற்றுப் பாசனத்தைப் போலத்தான்: தலைமதகில் அடைத்தால் முழு ஆயக்கட்டும் காயும், கிளை வாய்க்காலில் அடைத்தால் அந்த வயல் மட்டும் காயும். காதுக்கு மேலுள்ள பொட்டுமடல் வழியாகப் போகும் கிளை கெட்டால் எதிர்ப்பக்கத்தின் மேல்கால்வாசி தெரியாது. உச்சிமடல் வழியாகப் போகும் கிளை கெட்டால் கீழ்க்கால்வாசி தெரியாது. படிக்கட்டு, வரப்பு, தரையில் கிடக்கும் கயிறு எல்லாம் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் வரும் என்பதால் விழுவதற்கு இது அதிக வாய்ப்பு.

பிடரிமடலில் படம் விழுந்த பிறகு வேலை இரண்டு வழியாகப் பிரிகிறது. அடிப்பக்கமாகப் பொட்டுமடலுக்குப் போகும் வழி “இது என்ன, இவர் யார், என்ன நிறம்” என்பதைச் சொல்கிறது. மேற்பக்கமாக உச்சிமடலுக்குப் போகும் வழி “எங்கே இருக்கிறது, கையை எவ்வளவு நீட்டணும், எந்தப் பக்கம் நகர்கிறது” என்பதைப் பார்த்துக்கொள்கிறது. கீழே வரும் பெரும்பாலான குறைகள் இந்த அமைப்பிலிருந்தே புரியும்.

வீட்டில் செய்யும் சோதனை

காலை வேளையில், சாப்பிட்டு ஓய்வாக இருக்கும்போது செய்யுங்கள். களைத்திருந்தால் நல்ல பகுதியும் கெட்டதுபோல் தெரியும். வழக்கமான கண்ணாடியைப் போட்டுவிடுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் படம், காலண்டர் இல்லாத வெறும் சுவர் இருக்கட்டும்.

1. ஒரு மீட்டர் இடைவெளியில் நேருக்கு நேர், கண்மட்டம் ஒன்றாக இருக்கும்படி உட்காருங்கள். அவர் ஒரு கண்ணை உள்ளங்கையால், அழுத்தாமல், மூடட்டும். “அப்பா, என் மூக்கையே பாருங்க. விரல் எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க.” உங்கள் கை இருவருக்கும் நடுவில், மேல் இடம், மேல் வலம், கீழ் இடம், கீழ் வலம் என்று நான்கு மூலையிலும் மாறி மாறி வரட்டும். ஒன்று, இரண்டு, ஐந்து இந்த மூன்றை மட்டும் காட்டுங்கள்; மூன்றும் நாலும் ஓரப்பார்வையில் யாருக்கும் குழம்பும். கண் விரலை நோக்கி ஓடினால் அந்தத் தடவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு அடுத்த கண்.

இரண்டு கண்ணிலும் அதே பக்கம் விட்டுப்போனால் குறை மூளையில். ஒரு கண்ணில் மட்டும் என்றால் குறை அந்தக் கண்ணிலோ அதன் நரம்பிலோ இருக்கிறது; தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

2. இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். இரண்டு பக்கமும் உங்கள் கையை நீட்டி ஒரு விரலை ஆட்டுங்கள்: முதலில் இடம், பிறகு வலம், பிறகு இரண்டும் ஒரே சமயத்தில். தனித்தனியாகச் சரியாகச் சொல்பவர், சேர்த்து ஆட்டும்போது வலது மட்டும் என்றால் பார்வை இருக்கிறது, கவனம்தான் அந்தப் பக்கம் போகவில்லை. இது மிக முக்கியமான வேறுபாடு.

3. ஏ4 தாளைக் குறுக்காக வைத்து, சுமார் 2 செ.மீ. நீளமுள்ள 40 சிறு கோடுகளை எல்லாத் திசையிலும் சிதறலாகப் போடுங்கள். தாளின் நடு அவர் மூக்குக்கு நேராக வரும்படி மேசையில் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் அவர் அறியாமலே தாளை நல்ல பக்கம் இழுத்துக்கொள்வார். எல்லாக் கோட்டையும் அடிக்கச் சொல்லுங்கள். நேரக் கட்டுப்பாடு வேண்டாம். முடித்துவிட்டேன் என்று அவராகச் சொன்ன பிறகு எந்தப் பக்கம் எத்தனை விட்டிருக்கிறது என்று எண்ணித் தேதியோடு எழுதுங்கள்.

4. 20 செ.மீ. கோடு ஒன்றைக் கொடுத்து நடுவில் குறி போடச் சொல்லுங்கள். குறி வலப்பக்கமாக வெகுவாக விலகினால் இடப்பக்கத்தைப் புறக்கணிக்கிறார் என்று சந்தேகிக்கலாம்.

5. கடைசிச் சோதனைக்குத் தாளும் வேண்டாம், கண்ணும் வேண்டாம். 1978-இல் இத்தாலியில் பிசியாக், லுசாட்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள், இடப்பக்கத்தைப் புறக்கணிக்கும் நோயாளிகளிடம், மிலான் நகரத் தேவாலயச் சதுக்கத்தை மனத்தில் நினைக்கச் சொல்லிக் கேட்டார்கள். தேவாலயத்தை நோக்கி நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னார்கள். தேவாலய வாசலிலிருந்து எதிரே பார்ப்பதாக நினைத்தபோது, முன்பு விட்ட கட்டடங்களைச் சொல்லி, முன்பு சொன்னதை விட்டுவிட்டார்கள். நம் பக்கத்தில் தஞ்சைப் பெரிய கோவிலை வைத்துக் கேட்கலாம். “ராஜராஜன் கோபுரம் தாண்டி நந்திகிட்ட நிக்கிறோம், சாமியைப் பார்த்து. என்னென்ன சன்னதி இருக்கு?” என்றால் வலப்பக்கம் அம்மன் சன்னதி, முருகன் சன்னதி, இடப்பக்கம் வராகி, கணபதி. கோவிலை நன்கு அறிந்தவர் வராகியை விட்டுவிட்டு, “இப்ப விமானத்துக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து நிக்கிறோம்” என்றதும் வராகியைச் சொல்லி அம்மனை விட்டால், கண்ணுக்கும் இந்தக் குறைக்கும் தொடர்பில்லை என்பது வீட்டாருக்கே புரிந்துவிடும். எல்லோருக்கும் இது இப்படி வராது. மனப்படம் சரியாக இருந்து, கண்முன் இருப்பதை மட்டும் விடுபவர்களும் உண்டு.

இந்தச் சோதனைகள் மருத்துவருக்குச் சொல்ல உதவும் குறிப்புகள்தான். உறுதி செய்ய, பார்வைப்புலத்தை அளக்கும் பெரிமெட்ரி என்ற கருவிச் சோதனையைக் கேட்டுப் பெறுங்கள். கண்ணைச் சும்மா டார்ச் அடித்துப் பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று அனுப்பினால், “ஃபீல்டு டெஸ்ட் எடுக்கணும்” என்று நீங்களே சொல்லலாம்.

பாதி தெரியவில்லை: மருத்துவச் சீட்டில் ‘ஹெமியனோபியா’

பெரும்பாலும் பிடரிமடலில் வரும் அடைப்பு. படம் பாதி இல்லை; ஆனால் இல்லை என்பது அவருக்குத் தெரியும், அல்லது சொன்னால் புரிந்துகொள்வார். தலையைத் திருப்பித் தேடுவார். 40 கோட்டில் மெதுவாகவேனும் அனேகமாக எல்லாவற்றையும் அடித்துவிடுவார். பழக்கினால் நன்றாகச் சமாளிக்கக்கூடிய வகை இது.

படிப்பதில் வரும் தொல்லை எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. இடது பாதி போனவருக்கு அடுத்த வரியின் தொடக்கம் கிடைக்காது. வரியின் நடுவிலிருந்து படித்துப் பொருள் குழம்புவார். பஸ்ஸில் பெயர்ப்பலகையின் முன்பாதி விட்டுப்போனால் பட்டுக்கோட்டையும் புதுக்கோட்டையும் வெறும் ‘கோட்டை’தான். வலது பாதி போனவருக்குப் பெரிய சிரமம்: தமிழ் இடமிருந்து வலம் போவதால், அடுத்து வரப்போகும் எழுத்துகள் எப்போதும் இருட்டில் இருக்கும். அவருக்குத் திருவாரூர், திருவையாறு, திருவிடைமருதூர், திருத்துறைப்பூண்டி நான்கும் ‘திரு’வோடு நின்றுவிடும். நிற்கும் பஸ்ஸில் பலகையை முழுக்கப் படித்துவிடலாம். நகரும் பஸ்ஸில் முடியாது. ஏறும் முன் நடத்துநரிடம் கேட்பதைப் பழக்கமாக்குங்கள்.

படிக்கும்போது: இடம் தெரியாதவருக்குத் தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை சிவப்பு டேப். அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் வரியைத் தொடங்க வேண்டும். வலம் தெரியாதவருக்கு டேப் வலது ஓரத்தில். அது கண்ணில் படும்வரை வரி முடியவில்லை. இருவருக்கும் வரிக்குக் கீழே ஒரு ஸ்கேல். தினத்தாளின் நீண்ட செய்தியைவிட, குறுகிய பத்தியாக மடித்துக் கொடுத்தால் எளிது. தாளைப் பக்கவாட்டில் திருப்பி, வரி மேலிருந்து கீழாக ஓடும்படி வைத்துப் படிப்பது சிலருக்கு ஒத்துவருகிறது.

தேடும் பயிற்சிதான் இதில் பலன் தருவது. பல்லாங்குழிக் கட்டை இருந்தால் எடுங்கள். பதினாலு குழி, வரிசைக்கு ஏழு. இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். தெரியாத பக்கம் சற்றுத் தள்ளிக் கட்டையை வையுங்கள். அவர் கண் மூடியிருக்கும்போது நாலைந்து குழியில் மட்டும் ஒவ்வொரு புளியங்கொட்டை போடுங்கள். கண் திறந்ததும் அவர் முதலில் தெரியாத பக்கத்துக் கடைசிக் குழியைத் தாண்டி, கட்டையின் விளிம்பைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து வரிசையாக உள்ளே வர வேண்டும். இந்த ஒழுங்குதான் பயிற்சி, கொட்டை இல்லை. நடுவிலிருந்து சின்னச் சின்னதாகக் கண்ணை நகர்த்தித் துழாவினால் எப்போதும் பின்தங்குவார். ஒரே வீச்சில் ஓரம்வரை கண்ணை எறிந்து திரும்பப் பழகினால் தெருவிலும் அது கைகொடுக்கும். தலையை மட்டும் திருப்பிக் கண்ணை நடுவிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு, அதைத் திருத்துங்கள்: முதலில் கண், பிறகு தலை.

ஒரு முறைக்கு 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு முறை போதும். சில நாளில் எளிதாகிவிட்டால் மேசை முழுக்கப் பரப்பிய பொருளில் கேட்டதை எடுப்பது, பிறகு அலமாரி, பிறகு கடைத்தெரு. நெரிசலான சந்தையில் தொடங்கினால் பயந்து வீட்டுக்குள் முடங்கிவிடுவார்.

அவரோடு நடக்கும்போது தெரியாத பக்கம் நீங்கள் நடங்கள். சாப்பாடு போடும்போதும் முக்கியமானதைப் பேசும்போதும் தெரியும் பக்கம் இருங்கள்.

பார்வை இருக்கிறது, அந்தப் பக்கமே இல்லை: ‘நெக்ளெக்ட்’

வலது உச்சிமடலில் அடி விழுந்தவர்களிடம்தான் இது அதிகமும் நீடித்தும் இருக்கும். இடது மூளை அடியிலும் வலப்பக்கத்தைப் புறக்கணிப்பது உண்டு, பெரும்பாலும் லேசாக இருந்து சீக்கிரம் தேறும். இவருக்கு இடப்பக்கம் தெரியவில்லை என்பது தெரியாது; அப்படி ஒரு பக்கம் இருப்பதே நினைவில் எழாது. நெற்றியில் திருநீறு வலது பாதியோடு நிற்கும். முகச்சவரம் பாதி. சட்டையில் ஒரு கை மட்டும் நுழைந்திருக்கும். புள்ளிக் கோலம் போடும் அம்மா, புள்ளி முழுக்க வைக்கப்பட்டிருந்தாலும் வலப்பக்கச் சிக்கை மட்டும் இழுத்துவிட்டு எழுந்துவிடுவார். “எனக்கு ஒண்ணுமில்ல, என்னை விடுங்க” என்பதும் சேர்ந்து வரும். வீம்பு இல்லை, நோயின் ஒரு பகுதி அது. திட்டினால் உறவு கெடும், பக்கம் திரும்பாது.

முன் சொன்ன வகையோடு இதைக் குழப்புவதால் வரும் தவறு இதுதான்: “இடப்பக்கம் பாருங்க, இடப்பக்கம் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பது. பாதி தெரியாதவர் அதைக் கேட்டுத் திரும்புவார். இவர் திரும்பிவிட்டதாக நினைத்து நடுவிலேயே நிற்பார். சொல் போதாது, கண்ணில் படும், உடலில் படும் குறி வேண்டும். மேசையின், தட்டின், படுக்கையின் இடது விளிம்பில் பளிச்சென்ற சிவப்புத் துணிப்பட்டை. “அந்தச் சிவப்பைக் கையால தொடுங்க, அப்புறம் சாப்பிடுங்க” என்பது வேலை செய்யும். இடது கை விரல் கொஞ்சம் அசைந்தால்கூட, ஒவ்வொரு வேலைக்கு முன்னும் அதை இடப்பக்கமாகவே வைத்து அசைக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்துக் கவனத்தை அது எழுப்புகிறது.

முதல் வாரங்களில் வலப்பக்கமாக நின்று பேசுங்கள், இல்லையென்றால் உங்களையே அறியமாட்டார். பேச்சு நிலைத்த பிறகு, பேசிக்கொண்டே சிறிது சிறிதாக நடுவுக்கும், நடு தாண்டி இடத்துக்கும் நகருங்கள். டி.வி.யை நாளாக நாளாக இடப்பக்கம் தள்ளலாம். கட்டிலின் இடப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் அந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள், எதுவும் நடக்காது. தேறுவதற்கான தூண்டுதலே இல்லாமல் போகும். ஆனால் தண்ணீர்ச் செம்பு, அழைக்கும் மணி, சிறுநீர்க் குடுவை எப்போதும் வலப்பக்கம்தான். பயிற்சி வேறு, அவசரம் வேறு.

இடது கையைத் தனியாகக் கவனியுங்கள். சக்கர நாற்காலிக் கம்பியில் மாட்டும், படுக்கும்போது உடம்புக்கு அடியில் நசுங்கும், சூடான ரசத்தில் முழங்கை தோயும், அவருக்குத் தெரியாது. உட்காரும்போது அந்தக் கை மடியில் வைத்த தலையணை மேல், அவர் கண்ணில் படும்படி இருக்கட்டும். கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும்.

பார்வையை 10 டிகிரி அளவு வலப்பக்கம் நகர்த்தும் பட்டக (பிரிசம்) கண்ணாடியைப் போட்டு, இலக்கைத் தொடும் பயிற்சி மறுவாழ்வு மையங்களில் உண்டு. கண்ணாடியைக் கழற்றிய பின் கை சற்று இடப்பக்கம் சாயும். அதைப் பயன்படுத்திக் கவனத்தை இழுக்கும் முறை. பயிற்சியாளர் இல்லாமல் வாங்கிப் போட வேண்டியதில்லை.

இரண்டு குறையும் ஒருவருக்கே இருப்பது சாதாரணம். அப்போது நெக்ளெக்டுக்குச் சொன்னபடியே நடத்துங்கள்.

மற்ற பகுதிகள்

இரண்டு பக்கப் பிடரிமடலும் போனால் முழுக் குருடு. இவர்களில் சிலர் “நல்லா தெரியுது” என்று சாதித்து, இல்லாததை இருப்பதாக வர்ணித்து, சுவரில் மோதுவார்கள். ஆன்டன் நோய்க்குறி என்று பெயர். வாதாடாதீர்கள், தனியாக எழவும் விடாதீர்கள்.

அடிப்பக்க வழி கெட்டால் அடையாளம் காண்பது போகும். முகம் தெரியாதவர்கள் குரல் கேட்டதும் பெயர் சொல்வார்கள். கல்யாண வீட்டில் சம்பந்தியைப் பார்த்தும் பேசவில்லை என்று மனஸ்தாபம் வருவது இங்கே. வருகிறவர்கள் “மாமா, நான் கும்பகோணத்துச் செல்வி வந்திருக்கேன்” என்று பெயரோடு தொடங்கினால் போதும். பொருள் தெரியாதவர் சாவியைப் பார்த்து விழிப்பார், கையில் கொடுத்ததும் சாவி என்பார். தொட்டுப் பார்க்க விடுங்கள். நிறம் போனவருக்கு மஞ்சள்பொடி, மிளகாய்ப்பொடி இரண்டும் சாம்பல். டப்பாவின் வடிவத்தை வேறாக்குங்கள். நிறத்தை வைத்து மாத்திரை எடுக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள்.

இடது பிடரிமடலோடு இரு மூளையையும் இணைக்கும் நாரின் பின்பகுதியும் சேர்ந்து கெட்டால், எழுதத் தெரிந்தவருக்குப் படிக்க வராது. தான் எழுதிய கடிதத்தையே ஐந்து நிமிடம் கழித்துப் படிக்க முடியாது. 1892-இலேயே பாரிஸில் தெஜரின் இதை விவரித்துவிட்டார். எழுத்தைக் காண்பிக்கும்போது அதன் வடிவத்தை அவரே உள்ளங்கையில் விரலால் வரைந்து பார்த்தால் எழுத்து பிடிபடும். பேச்சுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

இரண்டு உச்சிமடலும் பாதித்தால் வருவது பாலின்ட் நோய்க்குறி. ஒரு சமயத்தில் ஒரு பொருள்தான் தெரியும்; கை நீட்டினால் டம்ளருக்குப் பக்கத்தில் போகும். பன்னிரண்டு பதார்த்தத்தோடு இலை போட்டால் அவருக்கு அது வெறும் குழப்பம். பூப்போடாத வெற்றுத் தட்டில் ஒவ்வொன்றாக வையுங்கள், டம்ளர் எப்போதும் அதே இடத்தில்.

நகர்வு மட்டும் தெரியாமல் போவது மிக அரிது. 1983-இல் ஜெர்மனியில் ஜோசப் சீல் விவரித்த பெண்ணுக்குத் தேநீர் ஊற்றும்போது அது உறைந்து நிற்பதாகத் தெரிந்தது. கோப்பை நிரம்புவதைக் காண முடியவில்லை. இப்படிப்பட்டவர் டவரா டம்ளரில் காப்பி ஆற்றக் கூடாது, சாலையைத் தனியாகக் கடக்கவே கூடாது.

மூளைத்தண்டில் அடி என்றால் இரட்டைத் தோற்றம். ஒரு கண்ணை மூடினால் மறைந்தால் கண்களை இயக்கும் தசை ஒத்துழைக்கவில்லை என்று பொருள். கண்ணாடியின் ஒரு பக்கம் மங்கலான டேப் ஒட்டினால் தற்காலிக நிம்மதி. எந்தக் கண், எத்தனை நேரம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஒரு கண்ணை மறைத்தால் ஆழம் தெரிவது குறையும். படி இறங்கும்போது கைப்பிடி அவசியம்.

இல்லாதது தெரிந்தால்

பாதி பார்வை போனவர்களில் சிலருக்கு, அந்தத் தெரியாத பக்கத்தில் ஆள் நிற்பதாகவும், குழந்தைகள் ஓடுவதாகவும், கோலம்போன்ற வடிவங்களும் தெரியும். சத்தம் இருக்காது. உண்மையல்ல என்று பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும், பைத்தியம் என்பார்களோ என்று வெளியே சொல்லமாட்டார்கள். பேயும் இல்லை, மனநோயும் இல்லை. வரவு நின்றுபோன மூளைப்பகுதி தானாகப் படம் போடுகிறது. வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகாதீர்கள். விளக்கைப் போடுவது, கண்ணைச் சிமிட்டுவது, வேறு பக்கம் பார்ப்பது இவற்றில் ஏதாவது ஒன்றில் பெரும்பாலும் மறையும். ஆனால் ஒரே மாதிரி வண்ண ஒளி திரும்பத் திரும்ப மின்னி, கூடவே நினைவு தடுமாறினால் அது வலிப்பாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யும் மாற்றங்கள்

பழைய ஓட்டுவீடுகளில் நிலைப்படி உயரம், தாழ்வாரம் இருட்டு, சிவப்புச் சிமெண்ட் தரையில் படியும் தரையும் ஒரே நிறம். ஒவ்வொரு படியின் முன்விளிம்பிலும் 5 செ.மீ. அகல மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். முற்றத்து இறக்கத்துக்கும் அதே. திண்ணைக்குக் கைப்பிடி. இரவில் கழிவறை வழியில் அணையாத சிறு விளக்கு. பொருள்களின் இடத்தை மாற்றாதீர்கள். இது பெயின்டைவிட முக்கியம்.

அடுப்பங்கரையில் பாத்திரக் கைப்பிடி தெரியும் பக்கம் திரும்பியிருக்கட்டும். அரிவாள்மனையை எடுத்து வைத்துவிடுங்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு கண்ணில் பிடிக்காது. எவர்சில்வரின் மினுக்கமும் தொல்லை. அடர்நிறத் தட்டு நல்லது.

சர்க்கரை நோயாளியாக இருந்தால் இன்சுலின் அளவை அவரே இழுக்க விடாதீர்கள். குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் வருவது 100. சிரிஞ்ச் மாறினால் அளவு இரண்டரை மடங்கு வரை தவறும். பாதிக் கோடு தெரியாதவர் கையில் அது ஆபத்து. மாத்திரையையும் வேறொருவர் வேளைவாரியாகப் பிரித்து வைக்கட்டும்.

வெளியே போவதில் நம் பகுதிக்கென்று ஓர் எச்சரிக்கை. மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் கரையோரப் பாதை, தடுப்பில்லாத மதகுப் பாலம், குளத்துப் படித்துறை எதிலும் தனியாக அனுப்பாதீர்கள். நாற்பது வருடம் நடந்த வரப்பு என்பார். கீழ்ப்பாதி தெரியாத கண்ணுக்கு அந்தப் பழக்கம் உதவாது.

எவ்வளவு தேறும், எப்போது பார்ப்பது

பாதிப் பார்வை இழப்பில் தானாகத் திரும்புவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். ஆறு மாதம் தாண்டினால் இழந்த பகுதி திரும்புவது அரிது, ஆனால் தேடிப் பார்க்கும் திறமை அதற்குப் பிறகும் வளரும். நெக்ளெக்ட் பலருக்கு வாரங்களிலும் மாதங்களிலும் நன்றாகக் குறைகிறது. 40 கோட்டுத் தாளை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செய்து பழைய தாளோடு வைத்துப் பாருங்கள். இருந்த நிலையிலிருந்து திடீரென்று மோசமானால் அது புதுப் பக்கவாதமாக இருக்கலாம், மறுபடி 108.

பிரஷர், சர்க்கரை மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையும் “இப்ப நல்லாருக்கே” என்று நிறுத்தப்படுவதுதான் அடுத்த அடிக்கு வழி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியாளரும் வருவார். ஊர்ச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதியுங்கள். பயிற்சியாளர் வரும்போது சோதனைத் தாள்களைக் காட்டுங்கள். கை கால் பயிற்சியை எந்தப் பக்கம் நின்று சொல்லித்தர வேண்டும் என்பது அவருக்கு அதிலிருந்து தெரியும்.

டி.வி.எஸ். 50, மோட்டார் சைக்கிள், டிராக்டர் எதுவும் பெரிமெட்ரி அறிக்கையை மருத்துவர் பார்த்து அனுமதிக்கும்வரை வேண்டாம். கை கால் முழுதாகத் தேறியவரைத் தடுப்பதுதான் கடினம், அவர் கோபப்படுவார். வீதியில் அவருக்குத் தெரியாத பக்கமிருந்து வரும் சைக்கிளும் பள்ளிக்கூடப் பிள்ளையும் மோதும்வரை இல்லாதவைதான் என்பதை பெரிமெட்ரி அறிக்கையையோ, 40 கோட்டுத் தாளில் அவர் கோடுகளை விட்டிருந்தால் அதையோ காட்டிச் சொல்லுங்கள். சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.